ரெண்டு மோட்டாரும் மேலண்டப் பக்கமும்

எங்கள் கடையின் பின்னறையில் ஒரு மேசை இருக்கிறது. வேப்பம்பலகை, ஐந்தடி நீளம், ஒரு கால் கொஞ்சம் குட்டை. நான் சொல்லப்போவது முழுக்க அந்த மேசை யாருக்கு என்பதைப் பற்றித்தான். மலையும் பாறையும் மோட்டாரும் நடுவில் வந்து சேர்ந்துகொண்டவை.

ஒடுகத்தூரில் மிக்சி, கிரைண்டர், கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன் நான். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் அந்த அறை. என் மனைவி துணி தைப்பவள். அவளுடைய ஓவர்லாக் மெஷின் இடமில்லாமல் தரையில், ஒரு மணைக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. அவள் குனிந்து குனிந்து ஓரம் அடித்துவிட்டு, நிமிரும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்ப்பாள். மேசை மேல் என் வண்டிகள் நின்றுகொண்டிருக்கும்.

வண்டி என்றால் பாறை ஏறுகிற ரிமோட் வண்டி. ஒன்றரைச் சாண் நீளம், பெரிய மெத்தென்ற டயர், மேலே பேருக்கு ஒரு கூடு. ரிமோட் கார் என்றதும் எல்லோரும் சீறிக்கொண்டு ஓடும் என்று நினைப்பார்கள். இது ஓடாது; நடக்கும். கம்பளிப்பூச்சி மாதிரி கல்லைத் தடவித் தடவி ஏறும். போட்டியில் பாறைமேல் இரண்டு இரண்டு கொடிக்குச்சியாக நட்டு வைத்திருப்பார்கள். ஒரு ஜோடிக்கு ஒரு கேட். பத்து கேட்டையும் வரிசையாகத் தாண்ட வேண்டும், பத்து நிமிடத்துக்குள். பின்னால் எடுத்தால் தண்டனைப் புள்ளி, குச்சியைத் தொட்டால் அதிகப் புள்ளி, கவிழ்ந்து கையால் நிமிர்த்தினால் இன்னும் அதிகம். குறைந்த புள்ளி வாங்கினவன் ஜெயித்தவன்.

ஒரு வாடிக்கையாளர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்கவே வராத பொம்மைக் காரில் ஆரம்பித்த கிறுக்கு இது. மூன்று வருடத்தில் மேசை நிறைந்துவிட்டது.

நான் பயந்தவன். இதை ஒளிக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். பேட்டரி வெடித்துவிடுமோ என்று மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுவேன். கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்ப்பேன். நான்காவது முறை இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று ஐந்தாவது முறை. ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சையில் கணக்குப் பேப்பரைப் பார்த்ததும், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் சார் என்று எழுந்து போனேன். இன்னும் திரும்பிப் போகவில்லை.

வேலூரில் நடந்த முதல் போட்டிக்கும் இதே கதைதான். என் முறை வந்து கூப்பிட்டார்கள். சுற்றிலும் படித்த பையன்கள், இன்ஜினியர்கள், ஆளுக்கொரு மடக்கு நாற்காலி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "பேட்டரி எறங்கிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் அதையே சொன்னேன். மனைவி பேட்டரியை எடுத்துச் சட்டிக்குள் வைத்து சார்ஜரை மாட்டினாள். பேட்டரி காலியாக இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், நிறைந்திருந்தால் பச்சை. மாட்டின உடனே பச்சை எரிந்தது.

"இன்னாங்க, நல்லா தளதளன்னு கீது பேட்டரி?"

நான் முன்னறைக்குப் போய் யாருடைய மிக்சியையோ திறந்தேன்.

அதிலிருந்து வந்ததுதான் ஒப்பந்தம். அடுத்த போட்டி காவலூர்ப் பக்கம் நடக்கப்போகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது அவள் சொன்னாள்: "நீங்க மொதல்ல வரணும்னு நான் கேக்கல. கடசி கேட்டு வரைக்கும் போய்ட்டு வாங்க. போய்ட்டு வந்தா மேசை உங்களுது, நான் வாயே தொறக்க மாட்டேன். பாதியில ஓடியாந்தீங்கன்னா மேசை என்து. மெஷின் மேல ஏறிடும்."

"கடைசி கேட்னா, பத்தாவது கேட்டா?"

"பின்ன, நம்ம ரயில்வே கேட்டா?"

சம்மதித்தேன். அன்றிலிருந்து எனக்குப் பசி குறைந்துவிட்டது.

பயத்துக்கு முதல் காரணம், எந்த வண்டியைக் கொண்டுபோவது என்பது. என்னிடம் இரண்டு இருந்தன. இரண்டும் நானே கட்டியவை. உள்ளுக்குள் அடிப்படையிலேயே வேறு வேறு.

முதலாவது நடு மோட்டார் வண்டி. நிஜ ஜீப் மாதிரிதான். மோட்டாரும் கியர்பெட்டியும் வண்டியின் வயிற்றில் இருக்கும். அங்கிருந்து முன்னால் ஒரு ஷாஃப்ட், பின்னால் ஒரு ஷாஃப்ட். நான்கு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். அச்சுகள் மெலிசாக இருப்பதால் கல்லுக்கு மேலே வயிறு தட்டாது. முன் அச்சுக்கு இரண்டு பல் வித்தியாசமாகக் கியர் போட்டு முன்சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வைத்திருந்தேன்; ஏற்றத்தில் முன்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் வண்டி மல்லாக்க விழாது. இதன் நோய் முறுக்கு. டிரில்லிங் மெஷினைக் கையில் பிடித்துப் பட்டனை வெடுக்கென்று அழுத்தினால் மணிக்கட்டு ஒரு பக்கம் திருகுமே, அதே திருகல்தான். மோட்டார் ஷாஃப்டைச் சுற்றும்போது வண்டியின் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். ஒரு முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். சமதளத்தில் தெரியாது. சாய்ந்த பாறையில் குறுக்கே போகும்போது அழுத்தினால், தானாகவே பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும்.

இரண்டாவது ரெண்டு மோட்டார் வண்டி. இதற்கு ஷாஃப்டே கிடையாது. முன் அச்சு மேலேயே ஒரு மோட்டார், பின் அச்சு மேலேயே ஒரு மோட்டார். வயிறு காலி, கையை விட்டுத் துழாவலாம். பழைய பேட்டரி ஸ்க்ரூடிரைவர்களை உடைத்து, உள்ளே இருந்த கியர்களை எடுத்து, அச்சோடு நான் கோத்த வேலை அது. முறுக்கு அறவே இல்லை. பாரம் எல்லாம் சக்கரத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக இருப்பதால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போகும். இன்னொரு வசதி, முன்னதை மட்டும் ஓட்டலாம், பின்னதை மட்டும் ஓட்டலாம், ஒன்றை நிறுத்தி இன்னொன்றைச் சுழற்றலாம். ரிமோட்டில் தனியாக ஒரு திருகு வைத்திருந்தேன். இதன் நோய், அச்சின் நடுவில் மோட்டார் தொங்குவது. செங்குத்தான படிக்கல் வந்தால் அந்தத் தொந்தி விளிம்பில் மாட்டிக்கொண்டு சக்கரம் காற்றில் சுற்றும். இரண்டு மோட்டார் என்றால் ஒயர் இரண்டு மடங்கு, கவலையும் இரண்டு மடங்கு.

கடைக்குப் பின்னால் கருங்கல் ஜல்லிக் குவியலில் இரண்டையும் ஏற்றி ஏற்றி ஒரு நோட்டில் எழுதினேன். படிக்கல்: நடு மோட்டார். சாய்வு: ரெண்டு மோட்டார். ஏற்றம்: நடு. திருப்பம்: ரெண்டு. இருபது பக்கம் எழுதியும் சமமாகவே வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான். கடையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினாலே நின்றுவிடுவேன்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது என் மலைக்கூட்டாளி. காவலூருக்கு அப்பால் சாமையும் புளியும் வைத்திருக்கிறவன். சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்து மலைச்சரக்கு இறக்குவான். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டக் கொண்டுவந்து, மேசையைப் பார்த்துவிட்டு, மோட்டாரை மறந்து என் வண்டியோடு உட்கார்ந்துவிட்டவன். உறவு கிடையாது. ஆனாலும் முதல் நாளே மச்சான் என்று கூப்பிட்டான், நானும் கூப்பிட்டேன். அவனுக்குக் கவலை என்ற உறுப்பே வைக்காமல் அனுப்பிவிட்டார்கள். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் பீடி பற்றவைப்பான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். அதற்கப்புறம் ஆலங்காயத்தில் பஸ் மாறித்தான் போவேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "இதுல இன்னா மச்சான் கொயப்பம்? ஆளு ரெண்டு, வண்டி ரெண்டு. ஆளுக்கொண்ணு எடுத்துக்குவோம். நடு மோட்டாரு எனுக்கு. என் பிக்கப்பு மாதிரியே கீது. அந்த டபுள் மோட்டாரு உனுக்கு."

"அது படிக்கல்லுல மாட்டிக்குமே."

"மாட்னா மாட்டட்டும். கல்லு இன்னா கடிச்சிடவா போவுது?"

அவன் பேசுவதில் ஒரு வார்த்தையைப் பற்றி இங்கேயே சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் மேலண்ட என்றால் மேற்குப் பக்கம், கீயண்ட என்றால் கிழக்குப் பக்கம். "ஏரிக்கு மேலண்ட ரெண்டு காணி கீது" என்றால் பச்சைக்குழந்தைக்கும் புரியும். அவன் வீட்டில் மேலண்ட என்றால் மேடான பக்கம், கீயண்ட என்றால் சரிவான பக்கம். மலையில் நிற்கிறவனுக்குச் சூரியனைவிடச் சரிவுதான் முக்கியம் போல. முதல் தடவை அவன் வீட்டுக்குப் போகும்போது போனில் வழி கேட்டேன். "கோயிலுக்கு மேலண்ட வூடு மச்சான், நேரா வா" என்றான். நான் கோயிலிலிருந்து மேற்கே நடந்தேன். நடந்து நடந்து ஒரு பலாத்தோப்புக்குள் போய், ஒரு நாயிடம் மாட்டி, மரத்தடியில் நின்றுகொண்டு மறுபடி போன் செய்தேன். அவன் கோயிலுக்கு நேர் மேலே மேட்டிலிருந்து கைதட்டிச் சிரித்தான். அவன் வீட்டுத் தின்பண்டம் எல்லாம் தீர்ந்து டீ ஆறின பிறகும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. அதற்கப்புறம் அவன் மேலண்ட என்று சொன்னால் "மேடா, மேற்கா?" என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. தை மாதக் குளிர். கிளம்பும்போது மனைவி இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொடுத்து, "சார்ஜ் ஃபுல்லா போட்டீங்களா?" என்று கேட்டாள். கேட்ட விதமே சரியில்லை. முதல் பஸ்ஸில் ஏறி, ஆலங்காயத்தில் மாறி, பை மடியில், கை பையின் ஜிப்பில். காவலூரில் இறங்கியபோது வானாராய்ச்சிக் கூடத்தின் வெள்ளைக் கூரை பனிக்குள் பாதி தெரிந்தது. மச்சான் மப்ளரோடு நின்றிருந்தான்.

"இன்னா மச்சான், மூஞ்சி ஊசி போட வந்தவன் மாதிரி கீது?"

பாறை ஊருக்கு வெளியே. யானை படுத்திருப்பது போல வடக்குப் பார்த்து ஏறுகிற கரும்பாறை. மொத்தம் பதினோரு பேர். பாதிப் பேர் பெங்களூரிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒரு இன்ஜினியர், கண்ணாடி போட்டவர், தங்கமான மனிதர், தன் வண்டியை என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதுவும் நடு மோட்டார்தான். ஆனால் அச்சின் முனையில், சக்கரத்துக்கு உள்ளே தனியாக ஒரு கியர் ஜோடி. அதனால் அச்சு சக்கர நடுவைவிட உயரத்தில் இருக்கும். குதிகால் செருப்பு போட்ட பெண்மாதிரி கல்லுக்கு மேலே நிமிர்ந்து நடக்கும். நல்ல ஏற்பாடு, ஆனால் உயரம் கூடினால் ஆட்டமும் கூடும். இன்னொருவரிடம் திருகு கியர் வண்டி ஒன்று இருந்தது. மோட்டாரை நிறுத்தினாலும் ஏற்றத்தில் பின்னால் உருளாது, அப்படியே நிற்கும். ஆனால் சூடாகிறது என்று அவர் ஊதிக்கொண்டே இருந்தார். என் ரெண்டு மோட்டார் வண்டியை எல்லோரும் திருப்பிப் பார்த்தார்கள். "கியர் எங்க வாங்கினீங்க?" என்றார் இன்ஜினியர். "ஸ்க்ரூடிரைவருங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி இன்னொரு முறை பார்த்தார்.

முதலிலேயே போட்டிப் பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். பார்த்தேன். ஏழாவது கேட் வரை மூச்சு விடலாம். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் என் எமன் உட்கார்ந்திருந்தான். ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கினாற்போல ஒரு படிக்கல், அதற்கு நேர் மேலே எட்டாவது கேட். அந்த விளிம்பைப் பார்த்ததும் என் வண்டியின் தொந்தி அதில் தொங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. இடதுபக்கம் படிக்கல் இல்லை. ஆனால் கூரை மாதிரி சாய்ந்த வழவழப்பான பாறை, ஓரத்தில் பாசி. அதில் போனால் நேரே உருண்டு ஆடு மேய்கிற இடத்துக்குப் போய்விடலாம். இரண்டையும் பார்த்துவிட்டு வந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். மறுபடி கட்டினேன்.

மச்சான் எனக்கு முந்தி. ஓட்டுகிறவனுக்கு ஒரு துணையாள் உண்டு. அவன் பாறைமேல் நின்று வழி சொல்லலாம். அவனுக்கு நான் துணை நின்றேன். ஆனால் அவன் என்னை எங்கே கேட்டான்! பிக்கப் ஓட்டுவது போலவே, பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினான். ஏழாவது கேட்டுக்குள்ளேயே மூன்று குச்சியைத் தொட்டுவிட்டான். படிக்கல்லில் முதல் முறை முறுக்கிக்கொண்டு ஒரு சக்கரம் தூக்கியது. பின்னால் எடுத்தான். இரண்டாவது முறை பக்கவாட்டில் சாய்ந்து, விழப்போய், நின்றது. மூன்றாவது முறை முன்சக்கரம் விளிம்பைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஏறியது. நான் போட்ட அந்த இரண்டு பல் வித்தியாசம்! அவன் எட்டு, ஒன்பது, பத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "அவ்ளோதானா?" என்றான்.

நடுவில் ஒருவர் படிக்கல்லுக்குப் பயந்து இடதுபக்கச் சரிவில் விட்டுப் பார்த்தார். நடு மோட்டார் வண்டி. நான்கு அடி போனதும் முறுக்கு தூக்கிப் போட்டது. வண்டி உருண்டு கீழே போய்த்தான் நின்றது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள்.

ரிமோட்டின் சுவிட்சை மூன்று முறை சரிபார்த்தேன். பாறைக்குக் கீழே வடக்குப் பார்த்து நின்றேன். வலது கன்னத்தில் வெயில். முதல் கேட். இரண்டாவது. மூன்றாவதில் குச்சிக்கு ஒரு விரல் தூரத்தில் டயர் போனது. வண்டி என் மாதிரி இல்லை, நிதானமாக இருந்தது. ஆறு, ஏழு. ஒரு தண்டனைப் புள்ளிகூட இல்லை. எங்கேயோ யாரோ "சூப்பர்" என்றார்கள். அதுதான் கெடுத்தது.

படிக்கல். அடியில் வண்டியை நிறுத்தினேன். மாட்டிக்கொள்ளும். சக்கரம் காற்றில் சுற்றும். எல்லோரும் பார்ப்பார்கள். முன் மோட்டார் கருகும். புகை வரும். நான் பாவம் என்று யாராவது சொல்வார்கள். வேலூரில் சொன்ன அதே வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். "பேட்…"

அதே நேரத்தில் மேலே நின்ற மச்சான் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்: "மச்சான், மேலண்ட வுடு! இன்னாத்துக்கு நிக்கிற? மேலண்ட வுடு!"

கேட்டுக்கொள்ளும் வழக்கம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேலண்ட. மேற்கு. வெயில் வலது கன்னத்தில், அப்படியானால் மேற்கு இடது. யாராவது இப்படிச் செய் என்று சொல்லிவிட்டால் பயந்தவனுக்கு அதைப்போல நிம்மதி வேறில்லை. ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினேன். வண்டி படிக்கல்லை விட்டு விலகி, கூரை மாதிரிச் சரிந்த அந்தப் பாறையில் குறுக்கே நடக்க ஆரம்பித்தது.

"யோவ்! யோவ்! எங்கய்யா போற?"

மச்சான் கத்தினான், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டி ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. ஆனால் அழுத்தினாலும் உடம்பு திருகவில்லை. திருக அதன் வயிற்றில்தான் ஒன்றுமே இல்லையே. நான்கு டயரும் பாறையைப் பிடித்துக்கொண்டு, ஜல்லிக் குவியலில் நூறு முறை போனதுபோலவே போனது. நான்கு அடி தாண்டியது. உருண்ட வண்டியின் சொந்தக்காரர் "ஏய், நிக்குதுப்பா" என்றார். ஆடு ஒன்று கத்தியது.

பாசி ஓரத்துக்கு முன்னால் வண்டியைத் திருப்பியாக வேண்டும், மேல்நோக்கி. அங்கே பின்னால் எடுக்க இடமில்லை. பின் மோட்டாரை நிறுத்தினேன். முன் மோட்டாரை மட்டும் சுழற்றினேன். பின்சக்கரம் ஊன்றி நிற்க, முன்பக்கம் கவராயம் வட்டம் போடுவதுபோல மெதுவாகக் கால்வட்டத்துக்கு மேல் சுற்றியது. இப்போது மூக்கு எட்டாவது கேட்டைப் பார்த்தது. இரண்டு மோட்டாரையும் கொடுத்தேன். படிக்கல்லே இல்லாத பக்கமாக, கொல்லைப்புறம் வழியாக வீட்டுக்குள் நுழைவது போல, என் வண்டி எட்டாவது கேட்டுக்குள் நுழைந்தது.

கைதட்டினார்கள். எனக்குத்தான் என்று புரியக் கொஞ்ச நேரமானது.

மீதியை அழகாகச் சொல்ல முடியாது. ஒன்பதாவதில் குச்சியைத் தொட்டேன். பத்தாவதுக்குப் போகும் வழியில் முன் மோட்டாரின் ஒயர் விட்டுக்கொண்டது. பின் மோட்டார் மட்டும், நின்றுபோன பைக்கை இன்னொரு பைக்காரன் காலால் தள்ளிக்கொண்டு போவது போலத் தள்ளியது. இரண்டு முறை பின்னால் எடுத்தேன். நேரம் முடிய ஒன்பது வினாடி இருக்கும்போது கடைசி டயர் கடைசி கேட்டைத் தாண்டியது. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் பாறையிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தான்.

"நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பண்ண?"

"மேலண்டன்னு சொன்ன."

"ஆமா, மேலண்ட! நேரா மேல! நான் ஏத்துனனே அப்டி!"

"மேலண்டன்னா மேக்காலதானே?"

அவன் மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். பிறகு பலாத்தோப்பு நாளன்று சிரித்தானே, அந்தச் சிரிப்பை மறுபடி ஆரம்பித்தான்.

இன்ஜினியர் என் தோளில் கைவைத்தார். "அருமையான பிளானிங் சார். முறுக்கு இல்லாத வண்டிக்குச் சாய்வுதான் சரியான வழி. முன்னாடியே கணக்குப் போட்டு வெச்சிருந்தீங்களா?" சார் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. கணக்கு என்ற வார்த்தையோடு சேர்த்துக் கூப்பிட்டதே இல்லை. ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது. பச்சை விளக்கு ஞாபகம் வந்தது. "இல்லைங்க சார். இவன் மேடுன்னு சொன்னது எனக்கு மேற்குன்னு கேட்டுடுச்சு" என்றேன். அவருக்கு மேலண்ட என்ற வார்த்தையே தெரியாது போல. மச்சான் பாறையையும் சூரியனையும் மாறி மாறிக் காட்டி விளக்கினான். புரிந்ததும் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

இன்ஜினியரின் குதிகால் செருப்பு வண்டிதான் முதலாவது. எனக்கு ஐந்தாவது இடம், மச்சானுக்கு ஆறாவது. இறங்கும்போது பிக்கப்பில் வரச்சொன்னான். அன்றைக்கு மட்டும் ஏறினேன். மூன்றாவது வளைவு வரை கண்ணைத் திறந்துகூட வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்கிற நேரம். பின்னறையிலிருந்து கடகடவென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். ஓவர்லாக் மெஷின் மேசை மேல் இருந்தது. நூல்கண்டுகள் வரிசையாக நின்றன. மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ராணி மாதிரி ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாது இது? நான் இன்னும் வந்து சொல்லவேயில்லையே!"

"சொல்றதுக்கு இன்னா கீது? காத்தாலயே ஏத்திட்டேன்" என்றாள், கையை நிறுத்தாமல்.

"நான் பத்து கேட்டும் போய்ட்டேன்!"

மெஷின் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து என் பையைத் திறந்து பேட்டரியை எடுத்து மண்சட்டியில் வைத்து சார்ஜரை மாட்டினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

சிவப்பு.

கொஞ்ச நேரம் பார்த்தோம், மாறிவிடுமோ என்று. மாறவில்லை. சிவப்பு விளக்கை இவ்வளவு சந்தோஷமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அடப்பாவி மனுசா, நெசமாவே போய்ட்டு வந்துட்டியா!" என்றாள். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் ங்க போட மறந்தது அன்றைக்குத்தான். உட்காரவைத்துக் காபி கொடுத்து முழுக் கதையும் கேட்டாள். மேலண்ட வந்த இடத்தில் காபி மூக்கில் ஏறிவிட்டது அவளுக்கு. இரண்டாவது முறை சொல்லச் சொன்னாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மூன்றாவது முறை.

மேசை எனக்குத்தான், நியாயப்படி. ஆனால் அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபிறகு, மெஷினை மறுபடி தரையில் இறக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பேரும் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"சரிங்க. ஜெயிச்சவரு நீங்க, அதனால நான் சொல்றதுக்கு ஒத்துக்கணும். மேசையில மேலண்ட என்து, கீயண்ட உங்களுது. சரியா?"

மேசை கிழக்கு மேற்காகத்தான் போட்டிருக்கிறது. மேற்குப் பாதியில் ஜன்னல் வெளிச்சம் விழும், தையலுக்கு நல்லது. நியாயமான பங்கீடு. சரி என்றேன்.

மறுநாள் கடையைத் திறந்துவிட்டு உள்ளே போனால், மேசை முழுக்க ரவிக்கைத் துணி, கத்தரிக்கோல், ஊக்கு டப்பா, கிழக்கு முனை வரைக்கும். என் வண்டிகள் இரண்டும், ரிமோட்டும், திருப்புளிகளும் மேசைக்கு அடியில் ஒரு கூடையில் இருந்தன.

"மேலண்டன்னா மேல. கீயண்டன்னா கீய" என்றாள். "உங்க மச்சானுக்கு வேணா போன் பண்ணிக் கேளுங்க."

கேட்டேன். அவன் அவள் பக்கம் பேசினான்.

இப்போது தரையில் உட்கார்ந்துதான் கியர் மாட்டுகிறேன். சட்டென்று நிமிர்ந்தால் பலகை தலையில் இடிக்கும். அடுத்த போட்டிக்கு அந்தத் தொந்தியைக் குறைக்க வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன். மோட்டாரை அச்சுக்குப் பின்னால் சாய்த்து வைத்தால் படிக்கல்லில் தப்பிக்கலாம். அதற்கு முப்பத்தெட்டுப் பல் கியர் ஒன்று வேண்டும். மூன்று நாளாக வீடெல்லாம் தேடினேன். நேற்றுதான் கண்ணில் பட்டது. மெஷின் ஓடும்போது மேசை ஆடுகிறதென்று, குட்டைக் காலுக்கு அடியில் அதைத்தான் வைத்திருக்கிறாள். சரியாகப் பொருந்தியிருந்தது. எடுக்கவில்லை.